அஞ்சலையின் கையில் நரம்பு இறங்கிய வருடம்

போன மாதம் என் இடது கை மரத்துப்போகிறது என்று மகள் என்னை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஓர் இளைஞர் என் முழங்கைக்குக் கீழே இரண்டு ஒயர்களை ஒட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். என் கை துள்ளியது. திரையில் ஒரு கோடும் துள்ளியது. "நரம்பு நல்லா ஓடுது அங்கிள், வயசுதான்" என்றார். அவ்வளவுதான் பரிசோதனை. என் கையை அவர் சரியாகத் தொடக்கூட இல்லை.

நானும் இந்தத் தொழிலில் இருந்தவன் என்று சொன்னதும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. "அப்பல்லாம் மெஷின் இல்லாம எப்படி அங்கிள் பாத்தீங்க?" என்று கேட்டார். விரலால் தட்டிப் பார்த்தோம் என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும். எழுதிக் கொடுங்கள், எங்கள் சங்க மலரில் போடுகிறோம் என்றும் சொன்னார். அதனால்தான் இந்தக் கிழவன் பேனாவைத் தூக்கியிருக்கிறேன்.

பெயர் மரியதாஸ். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸராக, கட்டும் ஊசியும் போடுகிறவனாக, இருந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கீழே அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் பெட்பேன் கழுவி, ஊசி போடக் கற்று, மேட்ரனிடம் திட்டு வாங்கித் தேறினேன். எழுபதுகளின் நடுவில் மலைக்கு வந்தேன். ரப்பர் தோட்டத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்தக் குளிர் பிடிக்கவேயில்லை. அதைவிடப் பிடிக்காதது பனி. எங்கள் மருந்தகம் தொழிற்சாலைக்கு மேலே ஒரு வளைவில் இருந்தது. மத்தியானம் ஆனால் பள்ளத்திலிருந்து பனி ஏறிவரும். கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் தலைகளும் போய்விடும், பேச்சு மட்டும் கேட்கும். யார் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. பல வருடம் இருந்தும் எனக்கு அது பழகவில்லை.

வியாழக்கிழமை தோறும் டாக்டர் வருவார். டாக்டர் அருளம்பலம், யாழ்ப்பாணத்துக் குடும்பம், மலாயாவில் பிறந்தவர். பல தோட்டங்களுக்குச் சேர்த்து அவர் ஒருவர்தான். வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டி, சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, கை கழுவுவார். அதற்கே நேரம் போகும். நகம் நகமாகக் கழுவித் துடைத்த பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த கையால் நோயாளியைத் தொடுவது அவருக்குப் பெரிய பாவம். நான் ஒருமுறை அவசரத்தில் அப்படித் தொட்டுவிட்டேன். "மிஸ்டர் தாஸ், மனுசர் மீன் இல்லை" என்றார். அவர் என்னைப் பாராட்டியதே கிடையாது. சரியாகச் செய்தால் "ம்" என்பார். அந்த ஒரு "ம்" கிடைத்தால் எனக்கு வாரம் முழுக்கப் போதும்.

நரம்பு என்றால் என்ன என்று நான் அவரிடம் கற்ற நாளைச் சொல்ல வேண்டும். லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறி ஏற்றும் லோரிக்காரர் ஒருவர் இருமலுக்கு மருந்து வாங்க வந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிஞ்சாங் பாசாரில் முட்டைக்கோஸ் விலை விழுந்த கதையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் தலையைத் தூக்கினார்.

"மிஸ்டர் தாஸ், உமக்கு ஏதும் மணக்குதோ?"

மணந்தது. கறி தீய்கிற மணம். சிகரெட் அந்த ஆளின் இரண்டு விரல்களுக்கு நடுவே அடிவரை எரிந்து, தோலில் எரிந்துகொண்டிருந்தது. அவர் முட்டைக்கோஸைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார். டாக்டர் எழுந்து போய் மெதுவாக அந்தச் சிகரெட்டை எடுத்துவிட்டு, அவருடைய முழங்கைக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. தொழுநோய். மருந்து உண்டு, அவரும் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கிருமி எங்கே குடியிருக்கிறது என்று டாக்டர் அன்று சொன்னதை நான் மறக்கவில்லை.

நரம்பு தனியாகப் போவதில்லையாம். வழிநெடுக அதைச் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டு உறைச் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்களுக்குள்தான் கிருமி நுழைந்து உட்காருகிறது. "காவல்காரன்ர வீட்டில கள்ளன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் மறுபடியும் கை கழுவப் போனார்.

இனி அஞ்சலை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழை நாள். கவ்வாத்து வெட்டும் முனியாண்டி தன் மனைவி அஞ்சலையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடி வந்தான். அவள் வலது முன்கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, உட்புறம் முழுக்கப் பிளந்திருந்தது. தேயிலைச் செடியை ஒரே வீச்சில் அறுக்கிற கவ்வாத்துக் கத்தி பட்டிருந்தது. சதை அதற்குப் பொருட்டேயில்லை.

"கத்தி செவுத்துல தொங்குனுச்சு ஐயா. தடுக்கி விழுந்துட்டா" என்றான். வாயில் சம்சுச் சாராய நாற்றம்.

அஞ்சலையைப் பார்த்தேன். "ஆமாங்க டிரஸ்ஸரய்யா. தடுக்கிட்டேன்" என்றாள். தடுக்கி விழுந்தவளுக்குக் கையின் உட்புறத்தில், குறுக்காக, முகத்துக்கு நேரே தூக்கிய கையில் படுகிற மாதிரி எப்படி வெட்டு விழும்? தொழிலாளர் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய முதுகுக்கும் காதுக்கும் நான் முன்பே பலமுறை மருந்து போட்டிருக்கிறேன். போலீஸ்காரர் வந்து கேட்டபோதும் அவள் அதையேதான் சொன்னாள். இரண்டு பெண் பிள்ளைகள், தோட்டத்தை விட்டால் போக இடமில்லை. நான் கட்டுப் போட்டு, கையைத் தூக்கி வைத்து, வண்டியில் கீழே அனுப்பினேன். பெரிய ஆஸ்பத்திரியில் தசையையும் நரம்பையும் தைத்து, மாவுக்கட்டுடன் திருப்பி அனுப்பினார்கள்.

கட்டுப் பிரித்த வியாழனன்று டாக்டர் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொல்லி அவள் கையை அதில் வைத்தார். மற்ற நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு வந்து எடுத்தார். சுண்டுவிரல் துணி துவைத்த கை மாதிரிச் சுருங்கியிருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வழவழவென்று அப்படியே இருந்தன. முப்பது வயதுப் பெண்ணின் கையில் பிறந்த குழந்தையின் விரல்கள்.

"நரம்பு செத்த தோல் சுருங்காது, மிஸ்டர் தாஸ். வேர்க்கவும் வேர்க்காது" என்றார் டாக்டர்.

அஞ்சலை அந்த மூன்று விரல்களையும் இடது கையால் தொட்டுப் பார்த்தாள். "இது என் வெரலு இல்லிங்க" என்றாள். யாரிடமும் முறையிடுகிற குரல் இல்லை. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்ட சாமானைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

அவள் போன பிறகு நான் கேட்டேன், இது திரும்ப வருமா என்று. டாக்டர் சோப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"வெட்டுக்கு அங்கால இருக்கிற நரம்பு கொஞ்ச நாளில செத்துப்போகும். ஆனா அதைச் சுத்திப் பிடிச்சிருந்த செல்லுகள் சாகாதுகள். செத்ததைத் தின்னுங்கள்."

"தின்னுமா?"

"ஓம். தின்னு துப்பரவாக்கிப்போட்டு, வெறுங் குழாய்க்குள்ள வரிசையா நிண்டு கூப்பிடுங்கள்."

"எதை வச்சுக் கூப்பிடும் சார்?"

"ஒரு சாமான் சுரக்கும். வளர்ச்சிக் காரணி எண்டு இப்ப சஞ்சிகையளில எழுதுகினம். மேல வெட்டுப்பட்டு நிக்கிற முனை அதை மோப்பம் பிடிச்சுக்கொண்டு இறங்கி வரும். மாசத்துக்கு ஒரு இஞ்சி."

"வரலைன்னா?"

"கனகாலம் கூப்பிட்டுப் பாக்கும். பிறகு களைச்சுப்போய் விட்டிடும்."

நரம்பு உயிரோடு இருக்கும்வரை, நான் இருக்கிறேன் என்று அது அந்தச் செல்களுக்குச் சைகை கொடுத்துக்கொண்டே இருக்குமாம். அந்தச் சைகை நின்றுபோனதும்தான் அவை வழக்கமான வேலையை விட்டுவிட்டுக் கூப்பிடும் வேலைக்கு மாறுகின்றன. இதையெல்லாம் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. இருட்டுக் குழாய்க்குள் வரிசையாக நின்று, பார்த்தேயிராத ஒன்றைக் கூப்பிடுகிறவர்களை நினைத்தால் எப்படி இறங்கும்?

டாக்டர் பார்க்கும் முறை இதுதான். நோயாளியின் கையைத் தலையணைமேல் வைத்து, விரல் பக்கத்திலிருந்து தொடங்கி, நரம்பு போகும் பாதையில் மெல்லத் தட்டிக்கொண்டே மேலே போவார். புதிய நரம்பின் முனை எங்கே வந்து நிற்கிறதோ அந்த இடத்தைத் தட்டும்போது செத்துக் கிடக்கிற விரல்களில் மின்சாரம் அடித்தமாதிரி சுரீர் என்னும். தட்டுவது முன்கையில், உணர்வதோ உணர்வே இல்லாத விரலில். அந்த இடத்தில் ஊதா மருந்தால் ஒரு பொட்டு வைப்பார். இரண்டு மூன்று வியாழன்களுக்கு ஒருமுறை பார்ப்பார், பழைய பொட்டுகள் அழிந்திருந்தால் அவற்றையும் புதுப்பிக்கச் சொல்வார். தழும்பிலிருந்து மணிக்கட்டை நோக்கி ஊதாப் பொட்டுகள் ஒவ்வொன்றாக வரிசை கட்டின.

"நீங்க இங்க தட்டுறீங்க. அங்க வெரலுக்குள்ள யாரோ ஒக்காந்துகிட்டுத் திரும்பித் தட்டுறாங்க" என்றாள் அஞ்சலை.

இந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பூசை. நான் மாதாகோயிலுக்குப் போகிறவன், அங்கே இல்லை. பார்த்தவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். பண்டாரம் தீபத் தட்டை நீட்டிக்கொண்டு வரும்போது எரிகிற சூடம் ஒன்று சரிந்து அஞ்சலையின் ஏந்திய வலது உள்ளங்கையில் விழுந்தது. அவள் அப்போது சின்ன மகள் எங்கே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் நெருப்பு எரிகிறது, அவள் கூட்டத்தில் பிள்ளையைத் தேடுகிறாள். பக்கத்தில் நின்றவள் "ஆத்தா!" என்று அலறினாள். மேளக்காரன் என்ன ஏது என்று கேட்காமல் மேளத்தை அடித்துவிட்டான். அஞ்சலை திரும்பிக் கையைப் பார்த்தபோது, முழுத் தோட்டமும் அவள் காலில் கிடந்தது. முதல் வரிசையில் முனியாண்டி.

நரம்பு அறுந்த கை சுடாது என்று அங்கே ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அவளுக்கு அடிபட்டது எல்லோருக்கும் தெரியும், அவள் கை விளங்கவில்லை என்பதும் தெரியும். தெரிந்ததை அம்மனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கையை எடுத்துக்கொண்டு ஆத்தா அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று பேச்சு. என் ஊதாப் பொட்டுகளுக்கும் அர்த்தம் கிடைத்தது. அவை ஆத்தா இறங்கி வருகிற பாதையாம். பொட்டு உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தால் முழு அருளும் வந்துவிடுமாம். கியா பார்மிலிருந்தெல்லாம் ஆட்கள் குறி கேட்க வந்தார்கள்.

முனியாண்டி குடியை நிறுத்தினான். வெள்ளிக்கிழமை காலையில் அவள் காலுக்குத் தண்ணீர் ஊற்றினான் என்று கேள்விப்பட்டேன். அவள் முகத்தில் சதை பிடித்தது. பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். அந்த வீட்டிலிருந்து பிள்ளைகள் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆனால் சதை சதைதானே. வலி தெரியாவிட்டாலும் வெந்துபோகும். வெள்ளி பூசை முடிந்து சனிக்கிழமை காலையில் அவள் பின்பக்கமாக மருந்தகத்துக்கு வருவாள். உள்ளங்கையில் கொப்புளம், சில நாள் புண். நான் செத்த தோலைக் கத்தரித்து எடுப்பேன், அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். கத்தரிப்பது யாருடைய கையையோ. எனக்குத்தான் உடம்பு கூசும்.

டாக்டர் பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார். "புண் எலும்புக்குப் போனால் விரலை எடுக்க வேண்டி வரும். உடனே நிப்பாட்ட வேணும்" என்றார்.

அஞ்சலை அவரை நேராகப் பார்த்தாள். "நிறுத்திடுறேன் டாக்டரய்யா. நிறுத்துனா அந்தாளு நிறுத்துனத மறுபடி ஆரம்பிப்பாரு. அடுத்த வாட்டி கத்தி கையில படுமா, கழுத்துல படுமான்னு நீங்க சொல்லிடுங்க."

டாக்டர் போய்க் கை கழுவினார். ஏற்கெனவே கழுவிய கைதான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "திருநீறை நனைச்சு, உள்ளங்கையில தடிப்பா மெத்தை மாதிரி வைக்கச் சொல்லும். அதுக்கு மேல சின்னச் சூடம். சூடு கீழ இறங்காது." வைத்தியர் ஒருவர் அம்மனுக்கு இப்படி யோசனை சொல்லி நான் கண்டதில்லை. நான் பண்டாரத்திடம் போய், நனைந்த திருநீறு விசேஷம் என்று அவிழ்த்துவிட்டேன். அவரும் நம்பினார். புண்கள் ஆறின.

பொட்டுகள் மட்டும் நிற்கவில்லை. மணிக்கட்டைத் தாண்டின.

ஒரு சனிக்கிழமை, பட்டப்பகல், ஆனாலும் பனியில் மருந்தகத்துக்குள் விளக்கு எரிந்தது. டாக்டர் இல்லாத நாள். எதுவரை வந்திருக்கிறது பார்ப்போம் என்று அவள் கையைத் தலையணையில் வைத்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். என் விரலை உள்ளங்கைக்கு மேலே கொண்டுபோனேன். இன்னும் தொடவில்லை, காற்று படுகிற தூரம்கூட இல்லை.

"வந்துருச்சு" என்றாள்.

நான் விரலை இழுத்துக்கொண்டேன். "எது?"

"உள்ள கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சுல்ல. இப்ப நிறுத்திடுச்சு. வந்துருச்சு."

கூப்பிடுகிறது என்று நான் அவளிடம் சொன்னதேயில்லை. டாக்டரும் சொல்லவில்லை, பிறகு கேட்டுப் பார்த்தேன். இதற்கு என்னிடம் இன்றுவரை விளக்கமில்லை. நாற்பது வருடமாக அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

"இத வரவிடாம நிறுத்த முடியாதா டிரஸ்ஸரய்யா?" என்று அவள் கேட்டாள். "ஒரு ஊசி கீசி? செத்தே இருக்கட்டுமே." கை குணமாக வேண்டாம் என்று கெஞ்சிய நோயாளி என் தொழிலில் அவள் ஒருத்திதான். வியாழனன்று டாக்டரிடம் சொன்னேன். "திரும்ப வெட்டினால்தான் நிக்கும். நான் வெட்டமாட்டன்" என்றார். அப்புறம், வழக்கத்துக்கு மாறாக, அவர் என் முகத்தைப் பார்த்தார். "கீழ எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரியில ஆயா வேலைக்குச் சொல்லுறன். போவாளோ எண்டு கேளும்."

கேட்டேன். பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போவேன், கூட்டிக்கொண்டு போனால் மலையடிவாரம் போவதற்குள் அவன் பிடித்துவிடுவான் என்றாள். அது பயத்தில் சொன்னது அல்ல. கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த வாரம் முனியாண்டி மருந்தகத்துக்கு வந்தான். எந்த நோயும் இல்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தொப்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தோட்டமே அந்தப் பொட்டுகளைக் கும்பிட்டபோது, அவன் ஒருவன் மட்டும் அவற்றை யோசித்திருக்கிறான்.

"ஐயா, அந்தப் பொட்டு நீங்க வெக்கிறதுதானே?"

"ஆமா."

"அது கையில எறங்கி முடிஞ்சிட்டா, என்னா ஆவும்?"

"டாக்டரத்தான் கேக்கணும்லா" என்றேன்.

"கேளுங்க ஐயா. நான் சும்மாத்தான் கேட்டேன்." எழுந்து போனான். அவன் மேலிருந்து பழைய நாற்றம் லேசாக அடித்தது. வியாழனன்று டாக்டர், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அவள் கையிலிருந்த பொட்டுகள் எல்லாவற்றையும் தாமே துடைத்து எடுத்தார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. திருவிழாவுக்கு முந்தைய வாரம் அஞ்சலை கொதிக்கிற தேத்தண்ணி மக்கை வலது கையால் எடுத்துவிட்டு, விருட்டென்று உதறிவிட்டாள். மக்கு உருண்டது. அடுப்பங்கரை வாசலில் முனியாண்டி நின்றுகொண்டிருந்தான்.

"ஒண்ணும் பேசல டிரஸ்ஸரய்யா. மக்க எடுத்துக் குடுத்தாரு. சிரிச்சாரு" என்றாள் அவள். அவள் நடுங்கி நான் அன்றுதான் பார்த்தேன்.

திருவிழா அன்று நான் மருந்துப் பையுடன் கோயிலுக்குப் போனேன். மாதா மன்னிக்கட்டும். தோட்டமும் வெளியூரும் சேர்ந்து பெரிய கூட்டம். மத்தியானப் பனி ஏறி, கோபுரத்தின் பாதி மறைந்திருந்தது. மேளம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அஞ்சலையை மஞ்சள் சேலையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பண்டாரம் அவள் உள்ளங்கையில் நனைந்த திருநீற்றை அப்பப் போனார்.

"துன்னூறு வேணாம் சாமி" என்றது ஒரு குரல். முனியாண்டி. கைகட்டி, பணிவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஆத்தாதான் கையில எறங்கிட்டாளே. அப்புறம் துன்னூறு என்னாத்துக்கு? வெறுங்கையில ஏந்தட்டும். பெரிய கட்டியா வைங்க. நம்ம ஜனங்க பாக்கட்டும்."

கூட்டம் "ஆமா ஆமா" என்றது. அவர்களுக்கு அது பக்தி. அவனுக்கு என்ன என்று அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும். அவள் கையை உதறினால் தெய்வம் அந்த இடத்திலேயே போய்விடும். இரவு லயத்தில் அவளும் அவனும் சுவரில் தொங்கும் கத்தியும்தான் இருப்பார்கள். நான் முன்னால் போய் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன். என்ன சொல்வது? இவளுக்குக் கை சுடும் என்றா?

அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டினாள்.

பண்டாரம் பெரிய கட்டிச் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார். நெருப்பு நிமிர்ந்து எரிந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். வருடம் முழுக்க உலர்ந்து கிடந்த அந்த மூன்று விரல்களின் நுனியிலும் பொட்டுப் பொட்டாக வேர்வை துளிர்த்தது. டாக்டர் சொன்னது நினைவிருக்கும், நரம்பு இல்லாத தோல் வேர்க்காது. எல்லாம் வந்துவிட்டது. அவளுக்கு ஒவ்வொரு துளியும் தெரிகிறது. கை அசையவில்லை.

அப்படியே நடந்து முனியாண்டியின் முன்னால் போய் நின்றாள். மேளம் தானாக நின்றது.

"இந்தா" என்றாள். குரல் அவள் குரல்தான், உரக்கக்கூட இல்லை. "நீயும் கொஞ்சம் ஏந்து."

முனியாண்டி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். அது ஒரு கணம்தான், யோசித்துச் செய்ததல்ல. ஆனால் தோட்டம் முழுக்க அதைப் பார்த்தது. அவள் நெருப்பை நீட்டியபடி நின்றாள். அவன் ஓர் எட்டு பின்னால் போனான், இன்னொன்று போனான், பிறகு முழங்கால் மடிந்து சேற்றில் விழுந்தான். சூடம் அவள் கையிலேயே எரிந்து அணைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அதன் பிறகு நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க, அந்த வீட்டுக்கு ஒரு தடவைகூட மருந்து எடுத்துக்கொண்டு போக நேரவில்லை.

அன்று அவள் தானாக நடந்துதான் மருந்தகத்துக்கு வந்தாள். வழியில் காலில் விழுந்தவர்களுக்கெல்லாம் இடது கையால் திருநீறு கொடுத்துக்கொண்டே வந்தாள். வாசலில் ஒரு கூட்டம் கும்பிட்டபடி நின்றது. அம்மன் கையைத் துடைத்து மஞ்சள் பூச வேண்டும் என்று ஏதோ சொல்லி, அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை எடுத்து, பழைய வழக்கத்தில், சும்மா வைத்துவிட்டேன்.

அவள் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கண்கள் பிதுங்கின. கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. தலைப்பை எடுத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"கத்துனா வெளிய கேக்குமா டிரஸ்ஸரய்யா?"

"கேக்கும்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். சாமி ஊர்வலம் கோயிலிலிருந்து கிளம்பியிருந்தது. பனிக்குள் எங்கேயோ மேளம் ஏறி வந்துகொண்டிருந்தது. அது எங்கள் வளைவு வழியாகத்தான் தொழிற்சாலைக்குப் போகும்.

"கொஞ்சம் பொறுத்துக்க" என்றேன். "மேளம் கிட்ட வரட்டும்."

பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தோம். மேளம் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேசைமேல் இருந்த குப்பிகள் அதிர்ந்தன.

"இப்ப" என்றேன்.

நான் புண்ணைக் கழுவினேன். அஞ்சலை வாய்விட்டு அலறினாள். மேளம் வளைவைத் தாண்டும்வரை அலறினாள். சத்தம் தேய்ந்து பள்ளத்துக்குள் இறங்கத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு மேளம் வருமா?" என்று கேட்டாள்.